மலேசியாவில் போலீஸ் நிறுத்தினால்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் முதல் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலே 30 நாள் வரை மலேசியாவில் தங்கிவர முடிகிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூர் விமானம் ஏறுகிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பத்துமலை, பினாங்கு, கேமரன் மலை என்று திட்டமெல்லாம் போட்டு முடித்தபின், கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெருவில் போலீஸ் நிறுத்தினால்? மொழி தெரியாதே? பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு தராமல் போனால்? உறவுக்காரர் யாராவது அனுப்பிய ரெய்டு வீடியோ வேறு தூக்கத்தைக் கெடுக்கும்.

இப்படிப் பயப்படுகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போலீஸ் ஸ்டேஷன் படியேறாமல் வாழ்ந்தோம் என்பதையே பெருமையாகச் சொல்லும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயம் தெரியாததால் வருகிறது: இப்போது நடப்பது சாதாரணச் சோதனையா, விசாரணையா, கைதா? இந்த மூன்றில் எதில் நிற்கிறோம் என்று தெரிந்துவிட்டால், என்ன காட்டுவது, எவ்வளவு பேசுவது, எப்போது தூதரகத்தைக் கேட்பது எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

பயத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். "போலீஸ் பயம்" என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. "பாஸ்போர்ட் தொலைந்துவிடுமோ", "மருந்துப் பையைப் பார்த்துச் சந்தேகப்படுவார்களோ", "மகன் வீட்டில் தங்குவதற்கு ஏதாவது சான்று கேட்பார்களோ" என்று தனித்தனியாக எழுதுங்கள். பாதிக்கு மேல் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை என்று எழுதும்போதே தெரியும்.

மலேசிய மின்னணு வருகை அட்டையை, இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் (இமிக்ரேஷன்) இணையதளத்தில் நிரப்ப வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இது கட்டாயம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது வேறு யாருடையதோ என்று அறிக. விசா விலக்கு காலவரையறை உள்ள சலுகை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவற்றை அச்சடித்து ஒரு உறையில் வையுங்கள். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய முகவரி, தொலைபேசி எண், ஒரு சிறிய அழைப்புக் கடிதம் போதும். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் சட்டம் எதையும் மீறியவர்கள் அல்ல. எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விக்குத் தடுமாறியவர்கள். போனில் பேட்டரி தீர்ந்தால் எல்லாமே போய்விடும் என்பதால்தான் அச்சுப்படி என்று வற்புறுத்துகிறேன்.

மருந்து எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு எழுதி வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப்போகும் வழக்கத்தை இந்தப் பயணத்துக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டம் மிகக் கடுமையானது. 15 கிராம் ஹெராயினோ 200 கிராம் கஞ்சாவோ கையில் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், நீதிபதி விரும்பினால் மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் இன்னும் இருக்கிறது. விமான நிலையத்தில் "இந்தப் பார்சலை மட்டும் அங்கே கொடுத்திடுங்க தம்பி" என்று யார் சொன்னாலும், ஊர்க்காரராக இருந்தாலும், தூரத்து மாமாவாக இருந்தாலும், வாங்காதீர்கள். இதில் முகத்தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

சட்டைப்பையில் இருக்க வேண்டியது

அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப்போவதா, ஹோட்டல் பெட்டகத்தில் வைப்பதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. என் கருத்து: மலேசியாவில் அசலையே உடலோடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது அசல்தான். நகலை ஏற்றுக்கொள்கிற அதிகாரியும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஏற்காதவரிடம் சிக்கினால் அசல் வரும்வரை நீங்கள் அவரோடுதான் இருக்க வேண்டும். தொலைந்துபோகும் பயத்துக்கு மருந்தாக, புகைப்படப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம் இரண்டின் நகலையும் அறையில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வீட்டில் ஒருவரிடம் ஒன்று வையுங்கள்.

இதோடு ஒரு சிறு அட்டை. உங்கள் பெயர், தங்கும் இடத்தின் முகவரி, கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரக எண், வீட்டில் ஒருவருடைய எண், தினமும் எடுக்கும் மருந்து. போன் கையில் இல்லாத நேரத்தில் மனைவியின் எண்கூட நினைவுக்கு வராது என்பது பலருடைய அனுபவம்.

நிறுத்துகிறவர் யார்?

கோலாலம்பூரில் உங்களை நிறுத்தக்கூடியவர்கள் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் அல்ல. கருநீலச் சீருடை அரச மலேசிய போலீஸ் படை. குடிநுழைவுத் துறைக்குத் தனி அதிகாரிகள், சாலைப் போக்குவரத்துத் துறைக்குத் தனி ஆட்கள். ரயில் நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் துணைப்போலீஸ் நிற்பார்கள். முஸ்லிம் பயணிகள் மட்டும் கூடுதலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மாநில இஸ்லாமிய சமயத் துறை அதிகாரிகள், திருமணமாகாத முஸ்லிம் ஆணும் பெண்ணும் தனிமையில் இருப்பதைக் குற்றமாகக் கருதி விடுதி அறைகளைச் சோதிப்பதுண்டு. தம்பதியாகப் போகிறவர்கள் நிக்காஹ் சான்றிதழின் நகலை எடுத்துப்போனால் அந்தக் கவலை தீர்ந்தது.

சீருடை இல்லாமல் ஒருவர் வந்து "போலீஸ்" என்றால், அடையாள அட்டையைக் கேட்பது அவமரியாதை ஆகாது. அங்கே அதைக் காட் குவாசா என்பார்கள். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் என்றால் நீலம், அதற்குக் கீழ் மஞ்சள், சேமக் காவல் படைக்கு (ரிசர்வ் போலீஸ்) வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர், உங்களை நிறுத்தும் அதிகாரமே அவருக்கு இல்லை. மலேசிய வழக்கறிஞர் மன்றம் பொதுமக்களுக்காக வெளியிட்ட சிறு கையேட்டில் இந்த நிறங்களை முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே தேவைப்படும் அறிவு இது என்றால் நமக்கு எவ்வளவு தேவை.

அட்டையைக் காட்ட மறுத்தாலோ, பணப்பையைத் திறந்து காட்டு என்றாலோ, ஆளில்லாத சந்துக்கு அழைத்தாலோ, நேரே கடையோ ஓட்டலோ இருக்கும் வெளிச்சமான இடத்துக்கு நடங்கள். "ஸ்டேஷனிலேயே பேசுவோம் சார்" என்று சொல்லுங்கள். அவசர எண் 999. உண்மையான போலீஸ்காரருக்கு ஸ்டேஷன் என்ற சொல்லில் ஒரு சங்கடமும் இருக்காது.

முதல் நிலை: சாதாரணச் சோதனை

நில்லுங்கள். திரும்பி வேகமாக நடப்பது, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வது, நண்பரிடம் தமிழில் ஏதோ கிசுகிசுப்பது இவையெல்லாம் வேண்டாத சந்தேகத்தைக் கிளப்பும். கைகள் தெரியும்படி இருக்கட்டும். பாஸ்போர்ட் உள்பையில் இருந்தால், எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

ஆணாக இருந்தால் துவான், பெண்ணாக இருந்தால் புவான் என்று விளியுங்கள். மலாய் தெரியாவிட்டாலும் இந்த ஒரு சொல் சூழலை இளக்கிவிடும். நிறுத்துகிற அதிகாரி தமிழராக இருக்கவும் வாய்ப்புண்டு. அவரே தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்லலாம், ஆனால் அண்ணே, தம்பி என்று உறவு கொண்டாட வேண்டாம். சார் என்பதே சரி. வேலை நேரத்தில் இருக்கிற ஒருவரிடம் சொந்தம் பேசினால், சலுகை கேட்கிறார் என்றுதான் பக்கத்தில் நிற்கும் சக அதிகாரிக்குத் தோன்றும்.

மனப்பாடம் செய்துகொள்ள நான்கே வாக்கியங்கள்:

"சயா பெலஞ்சோங் டாரி இந்தியா." நான் இந்தியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி.

"சயா தாக் ஃபாஹாம், துவான்." எனக்குப் புரியவில்லை, ஐயா.

"போலே சயா தெங்கோக் காட் குவாசா?" உங்கள் அதிகார அட்டையைப் பார்க்கலாமா?

"சயா டிதாங்காப் கெ, துவான்?" நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?

கடைசி வாக்கியம்தான் மற்ற மூன்றையும்விட முக்கியம். அது சண்டைக்கு இழுக்கும் கேள்வி ஆகாது. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை அதிகாரியின் வாயாலேயே தெரிந்துகொள்ளும் வழி. இல்லை என்று பதில் வந்தால், சற்றுப் பொறுத்து "போலே சயா பெர்கி?" என்று கேளுங்கள். நான் போகலாமா என்று பொருள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில். எப்போது வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். பதற்றத்தில் நமக்கு வாய் நீண்டுவிடும். மச்சினன் கடை, அவருடைய பார்ட்னர், பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் போய்விடுவோம். ஒவ்வொரு கூடுதல் வாக்கியமும் ஒரு கூடுதல் கேள்வியைக் கொண்டுவரும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள், பொய் மட்டும் வேண்டாம்.

பையைத் திறக்கச் சொன்னால், அதிகாரி கையை விடுவதற்கு முன் நீங்களே ஒவ்வொரு பொருளாக எடுத்து வெளியே வையுங்கள். கூட இருப்பவர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்வது இது. "பெண் அதிகாரி வரட்டும், நான் காத்திருக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம்.

குடிநுழைவு ரெய்டு: அதிகம் கவனிக்க வேண்டிய இடம்

சாதாரணப் பயணிக்கு மலேசியாவில் நிஜமாகவே சிக்கல் வரக்கூடியது தெருப் போலீஸால் அல்ல, குடிநுழைவுத் துறையின் திடீர்ச் சோதனையால். உணவகம், மளிகைக் கடை, தொழிலாளர் குடியிருப்பு, இரவுச் சந்தை என்று கூட்டமாக வெளிநாட்டவர் இருக்கும் இடங்களைச் சுற்றி வளைத்து எல்லோருடைய பத்திரத்தையும் பார்ப்பார்கள்.

இதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், மலேசிய அரசியலமைப்பின் 5ஆவது பிரிவுப்படி கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்த 24 மணி நேரம் 14 நாள் என்று அதே பிரிவு மாற்றிவிடுகிறது. பத்திரம் சரியாக இருந்தும் கையில் இல்லாததால் ஒருவர் படும் பாட்டை இதை வைத்து எண்ணிப் பாருங்கள். பாஸ்போர்ட்டை உடன் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது: தங்கும் நாட்களைச் சரியாக எண்ணுங்கள். வந்த நாளும் கணக்கில் சேரும் என்று வைத்துக்கொண்டு எண்ணினால் தவறாது. 30ஆம் நாள் வரை இழுக்காமல் ஓரிரு நாள் மிச்சம் வைத்து டிக்கெட் போடுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சுற்றுலா அனுமதியில் வந்துவிட்டு உறவினர் ஓட்டலில் "சும்மா கை கொடுப்பது". சம்பளம் வாங்கவில்லையே, தட்டுதானே எடுத்து வைத்தேன் என்பது நமக்கு நியாயமாகத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால், சமையலறையில், ஏப்ரனோடு நிற்கிற ஒருவரை அதிகாரி பார்க்கும்போது அவர் கண்ணுக்கு அனுமதியின் நிபந்தனையை மீறி வேலை செய்கிறவர். 1963ஆம் ஆண்டு குடிநுழைவு விதிகளில் இதற்குத் தனிக் குற்றமே இருக்கிறது. அத்தை வீட்டுக் கடைக்குப் போனால் வாடிக்கையாளர் உட்காரும் பக்கத்தில் உட்காருங்கள், எழுந்து பரிமாறப் போகாதீர்கள்.

இதைவிடக் கொடுமை, ஏஜெண்டுகள் செய்வது. "இப்போ டூரிஸ்ட்டா போங்க, அங்கே போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று பணம் வாங்கிக்கொண்டு ஏற்றி அனுப்புகிறார்கள். அப்படிச் சொல்பவரிடமிருந்து ஓடிவிடுங்கள். போனவர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி இன்னொருவர் பாஸ்போர்ட்டை இப்படிப் பிடித்து வைப்பது குற்றம். அந்த நிலையில் இருக்கும் ஒருவர், ரெய்டு வரும்வரை காத்திருக்காமல் தூதரகத்துக்குத் தானாகப் போய்ச் சொல்வதே அவருக்கு இருக்கும் நல்ல வழி.

ரெய்டு நடக்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், ஓடவே ஓடாதீர்கள். ஓடுகிற கூட்டத்தோடு கால் தானாக ஓடும். சுவரோரம் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்து, முறை வரும்வரை காத்திருங்கள். சுற்றுலாப் பயணி என்றால் நுழைவு முத்திரையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு, இந்திய உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். இரவில் சாலைத் தடுப்பு வந்தால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, இரு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கச் சொல்லும்வரை இறங்காதீர்கள். நம்மூரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை, அங்கே அது அதிகாரியை எச்சரிக்கையாக்கும்.

பின்இருக்கையிலும் பெல்ட் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றி ஒரே வரி: 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் எல்லை, முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை.

"காப்பிக் காசு" கேட்டால்

எல்லா அதிகாரியும் இந்தச் சிறு லஞ்சத்தைக் கேட்பதில்லை. கேட்கிறவர் ஒருவர் எதிரில் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நம்மவர்களின் பெரிய கவலை. ஐம்பது ரிங்கிட்டை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைக்கும் யோசனையை யாராவது சொல்லியிருப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுப்பவரும் வாங்குபவருக்குச் சமமான குற்றவாளி, 20 ஆண்டு வரை சிறை. ஹெல்மெட் போடாத சின்னத் தவறை நீங்களே பெரிய குற்றமாக்கிக்கொள்வீர்கள்.

சொல்ல வேண்டியது ஒன்றே: "துவான், தோலோங் பாகி சமன்." ஐயா, சம்மன் (அபராதச் சீட்டு) கொடுத்துவிடுங்கள். போக்குவரத்துச் சம்மனைப் போலீஸின் மைபயார் இணையதளத்திலோ நிலையத்திலோ கட்டி ரசீது வாங்கலாம். வாடகை வண்டி என்றால் நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள். குரலை உயர்த்தாமல், முகத்தில் கோபம் காட்டாமல் இதையே இரண்டு மூன்று முறை சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

போனில் இருப்பவை

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நம்மவர்கள் தயங்குகிறார்கள். மலேசியா 2014இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2019 அக்டோபரில் அந்த இயக்கத்தோடு தொடர்பு என்று சொல்லி, சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 தமிழர்களை, 28 நாள் வரை விசாரணைக் காவலில் வைக்க இடம்தரும் சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்தில் கைது செய்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசே அந்த வழக்குகளைக் கைவிட்டது. ஆனாலும் அவர்கள் இழந்த மாதங்கள் திரும்பவில்லை.

ஒருவர் மனதில் என்ன அரசியல் வைத்திருக்கிறார் என்பது அவர் உரிமை. தமிழ்நாட்டில் சுவரொட்டியில் சாதாரணமாகப் பார்க்கும் ஒரு படம் இன்னொரு நாட்டின் சட்டத்தில் வேறு கனத்தோடு இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். முகப்புப் படம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குழுவில் தானாக இறங்கிச் சேர்ந்த வீடியோக்கள், டி-சர்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். அரச குடும்பத்தையும் மதத்தையும் பற்றிய கிண்டல் பதிவுகளும் இதில் சேரும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகச் சேமிக்கப்படும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

ஊர்வலம், ஆர்ப்பாட்டம் எங்கே நடந்தாலும் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். 2012ஆம் ஆண்டு அமைதியான கூடுகைச் சட்டம் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும்தான் தருகிறது, வெளிநாட்டவர் கலந்துகொண்டால் குற்றம்.

இரண்டாம் நிலை: நிலையத்துக்கு வரச் சொன்னால்

இங்கே மீண்டும் அதே கேள்வி: நான் கைதா? இல்லையென்றால், எதற்காக, எந்த நிலையம், விசாரணை அதிகாரி யார் என்று கேட்டு, போகும் முன்பே வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நிலையத்தின் பெயர் அந்தச் செய்தியில் இருக்கட்டும்.

திருட்டையோ விபத்தையோ பார்த்த சாட்சியாக வாக்குமூலம் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் வாங்கும் அந்த வாக்குமூலத்தில், உங்களையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், அதன் பிறகு கையெழுத்து. மலாயில் எழுதிய, உங்களுக்குப் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். களைப்பாக இருக்கிறது, சீக்கிரம் போகலாம் என்று போட்ட கையெழுத்தைப் பிறகு விளக்குவது கடினம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மலேசிய நீதிமன்றங்களிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பணியில் இருக்கும் நாடு அது, நீங்கள் கேட்பது அதிசயமான ஒன்றல்ல.

மூன்றாம் நிலை: கைது

ஆம் என்று பதில் வந்துவிட்டால், பேச்சைக் குறைத்து மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். என்ன காரணம், என் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரோடு பேச வேண்டும். நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இந்த மூன்றையும் தருகிறது. வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான நேரம் கொடுத்து விசாரணையைத் தள்ளிவைக்கவும் சொல்கிறது. கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற காரணங்களுக்காக உயரதிகாரி இதை மறுக்க இடமுண்டு, ஆனால் கேட்டோம் என்பதே பின்னால் பயன்படும். பெயர், நாடு, தங்கும் இடம் சொல்லிவிட்டு, "மற்றதை வழக்கறிஞர் வந்த பிறகு சொல்கிறேன்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, தூதரகம். 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அந்த உரிமை இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லவும் வேண்டும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியதாகத் தீர்ப்பளித்தது இந்தப் பிரிவைத்தான். "நீங்கள் கேட்டால்" என்பதைக் கவனியுங்கள். வாய் திறந்து கேட்க வேண்டும்: "இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்."

தூதரகம் வந்து கதவைத் திறந்து கூட்டிப்போய்விடாது. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், வழக்கறிஞர்களின் பட்டியல் தருவார், குடும்பத்துக்குத் தகவல் சொல்வார். வழியில்லாதவர்களுக்கு இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவி கிடைக்கவும் வாய்ப்புண்டு. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால், இரண்டாம் நாளில் "தூதரகமும் கைவிட்டுவிட்டது" என்று மனம் உடையாது.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது காவலை நீட்டிக்கக் கேட்பார்கள். பெரும்பாலான குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் என்பது உச்சவரம்பு. 14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ளவற்றுக்கு ஏழும் ஏழும். அடித்தார்கள், மருந்து தரவில்லை என்பது போன்றவற்றை மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு

பயணிக்கு இருப்பதைவிடக் கூடுதலான பயம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். ஒரே ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். நகல்கள் அவரிடம் இருக்கட்டும், தினமும் எந்த நேரத்தில் தொடர்புகொள்வது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். செய்தி வராவிட்டால் முதலில் தங்கும் இடத்துக்கு அழைக்க வேண்டும், பிறகு தூதரகம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்னும் இணையதளத்தில் புகார் பதிவு செய்தால் அதற்கு ஒரு எண் கிடைக்கும், பின்தொடர வசதி. குடும்பக் குழுவில் "மாமாவைப் போலீஸ் பிடிச்சிட்டாங்களாம்" என்று பரப்புவது எந்த உதவியும் செய்யாது.

"உங்கள் மகன் மலேசியாவில் கைதாகியிருக்கிறார், பணம் அனுப்பினால் விட்டுவிடுவோம்" என்று அழைப்பு வந்தால் அது மோசடி. போலீஸ் சீருடையோடு வீடியோவில் தோன்றினாலும் மோசடிதான். போனை வைத்துவிட்டு மகனுக்கு அழையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே இந்தியாவின் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

பயம் அப்போதும் போகாவிட்டால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகும் சீருடையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் சிலருக்கு. முன்பு போலீஸிடம் கசப்பாக ஏதேனும் நடந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது ஒத்திகை. வீட்டில் யாரையாவது அதிகாரியாக நிற்கவைத்து, பாஸ்போர்ட் எடுத்துக் காட்டுவதையும் நான்கு மலாய் வாக்கியங்களையும் வாய்விட்டுப் பழகுங்கள். கூச்சமாக இருந்தாலும் செய்யுங்கள். நிஜத்தில் அந்த நேரம் வரும்போது மனம் உறைந்தாலும் வாயும் கையும் பழகியதைச் செய்யும். பேசும் முன் மூச்சை நீளமாக விடுங்கள். கை நடுங்கினால் "கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது, சார்" என்று சொல்லிவிடலாம். மறைத்த நடுக்கம்தான் சந்தேகத்தைத் தரும். பழைய காயம் ஆழமாக இருந்தால் பயணத்துக்கு முன் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது, தடுப்பூசி போட்டுக்கொண்டு கிளம்புவதைப் போல இயல்பான ஏற்பாடு.

நடந்து முடிந்த பிறகு

அறைக்கு வந்ததும் தேதி, நேரம், இடம், அதிகாரியின் பெயர், வண்டி எண், சொன்னது, கேட்டது எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். நடத்தையில் குறை இருந்தால், 2023 ஜூலையிலிருந்து இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். லஞ்சம் கேட்டிருந்தால் ஊழல் தடுப்பு ஆணையம்.

வேறு நாடு என்றால் எது மாறும்?

சோதனையா, விசாரணையா, கைதா என்ற கேள்வி எங்கும் அதேதான். மாறுவது எல்லைகள். ஜப்பானில் சுற்றுலாப் பயணி பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டக் கட்டாயம், குற்றம் சாட்டுவதற்கு முன்பே 23 நாள் வரை காவலில் வைக்க முடியும். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸுக்கு 1155 என்று தனி எண் இருக்கிறது, நம்மூர் இளைஞர்கள் சாதாரணமாக எடுத்துப்போகும் வேப் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். துபாயில் முன்பின் தெரியாதவரை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியில்லாமல் படம் எடுத்தால் புகாராகிவிடும். அம்மா குருமாவுக்கென்று கட்டிக்கொடுக்கும் கசகசா அமீரகத்தில் போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. துபாய்க்குப் போகும் பெட்டியில் மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்து, அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.